மலாக்காவுக்காகப் பேச வந்தவன்

என் கூடப்பிறந்த அண்ணன் சுப்பையனைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன். சிரம்பானில் அவனுக்கு நல்ல பேர் இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அவன் செய்தது எனக்குத்தானே தெரியும்!

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷத்தில் ஆள்பிடிப்பு தொடங்கியது. சயாமில் ரயில் பாதை போடுகிறானாம், மூன்று மாத வேலையாம், போனவர்கள் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடுவார்களாம். போனவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் தானாகப் போகவில்லை. ஜப்பான்காரன் லோரியைக் கொண்டுவந்து ரோட்டில் நடக்கிறவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் மட்டும் நான்கு வீட்டில் ஆம்பிளை இல்லாமல் போயிற்று. எங்கள் பகுதிக்கு ஆள் கணக்கு எழுதிச் சேர்க்கிற கிராணி என் வீட்டு வாசலில் நின்று, "அடுத்த தடவை மருதமுத்துதான்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மருதமுத்து என் வீட்டுக்காரர். சண்டைக்கு முன்னால் ரப்பர் கிடங்கில் வேலை. நல்ல உயரம், கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. கிடங்கில் கூட வேலை செய்த சீனப் பையன்களிடம் கூடைப்பந்து கற்றுக்கொண்டார். கிடங்கை மூடின பிறகு வீட்டுப் பின்னால் மரவள்ளி நட்டோம், கிழங்கைத் தின்று உயிரோடு இருந்தோம். மாலையானால் பூட்டிக் கிடந்த சீனப் பள்ளிக்கூடத்துத் திடலில் நம் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பந்து போடுவார். "கிழங்கு தின்ற வயித்துக்கு இந்தக் குதி ஒரு கேடா?" என்று நான் திட்டாத நாள் கிடையாது. அந்தக் குதிதான் அவரைக் காப்பாற்றப் போகிறது என்று ஒரு நாள் முகைதீன் வந்து சொன்னார்.

முகைதீனுக்குப் பெண்டஹாரா ரோட்டில் துணிக்கடை இருந்தது. விற்கத் துணி இல்லாமல் போனதும் நிப்பொங்கோ, அதுதான் ஜப்பான் பாஷை, படித்து மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். அவர் கொண்டுவந்த சேதி இதுதான். இந்தியர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று காட்ட ஓர் அதிகாரிக்கு ஆசை வந்திருக்கிறது. நான்கு ஊர்க் குழுக்களை வைத்துக் கூடைப்பந்துப் போட்டி, வருஷம் முழுக்க நடக்கும். விளையாடுவதுதான் வேலை, மாதம் பிறந்தால் சம்பளமாக அரிசி.

"அரிசியை விடு தங்கச்சி. கையில கட்டிக்க ஒரு பட்டை குடுக்கறான். அந்தப் பட்டை இருந்தா சயாமுக்குப் புடிக்க மாட்டான்" என்றார் முகைதீன்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், சிரம்பான் மூன்றையும் அதிகாரி முன்னமே முடிவு செய்துவிட்டான். மிச்சம் ஓர் இடம். அது மலாக்காவா, மூவாரா என்றுதான் பாக்கி. எனக்கு அரிசி வேண்டாம், பேர் வேண்டாம். அந்தப் பட்டைத்துணி ஒன்று என் புருஷன் கையில் ஏறினால் போதும். எங்கள் தெருப் பிள்ளையாரிடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அது மட்டும் இல்லை, நியாயமாகப் பார்த்தாலும் அது மலாக்காவுக்குத்தான் வந்திருக்க வேண்டும். நல்ல திடல் எங்களிடம் இருந்தது, கம்பம் இரும்புக் கம்பம். மூவார்க்காரர்கள் இரண்டு தடவை இங்கே வந்து விளையாடி இரண்டு தடவையும் தோற்றுப் போனார்கள். என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினால் அவர்களில் ஒருத்தனுக்கும் பந்து எட்டாது.

இதில் எனக்கு இன்னொரு தைரியமும் இருந்தது. சிரம்பான் குழுவை நடத்துகிறவனே என் அண்ணன் சுப்பையன். ரயில்வேயில் கிராணியாக இருந்தவன், ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணங்கி நல்ல பேர் வாங்கியிருந்தான். அந்த அதிகாரி அவன் பேச்சுக்குக் காது கொடுக்கிறான் என்று முகைதீனே சொன்னார். அந்த இடத்தை முடிவு செய்ய அதிகாரி வைக்கிற கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அண்ணன் தம்பின் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் அழுதேன். "அடச்சீ, எதுக்குடி அழுவுற? நான் செத்தா போயிட்டேன்?" என்று அதட்டினான். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மச்சான், நீங்க ஒண்ணும் பேச வேணாம். மலாக்காவுக்கு நான் பேசறேன். நீங்க கம்முனு உக்காருங்க" என்றான். என் மகள் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தான். மூன்று வயதுப் பிள்ளை, மாமன் விளையாடுகிறான் என்று சிரித்தது.

எங்கள் ஆட்களின் வழக்கம் அப்படி. கல்யாணப் பேச்சோ, கடன் பேச்சோ, கோயில் தகராறோ, எதுவானாலும் சம்பந்தப்பட்டவன் வாயைத் திறக்க மாட்டான். அவனுக்காக மாமனோ மச்சானோதான் பேச வேண்டும். தனக்காகத் தானே பேசுகிறவனை ஆளில்லாதவன் என்று சொல்வார்கள். அதிலும் தன் வீட்டில், விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு, அந்த விருந்தாளி கேட்டு வந்ததை எனக்குக் கொடு என்று சொல்வது என் வீட்டுக்காரருக்குச் செத்தாலும் வராது. கூட்டமோ எங்கள் வீட்டில். திடலைப் பார்க்க வருகிற அதிகாரிக்கு அங்கேயே சாப்பாடு கொடுத்துவிடலாம் என்று அண்ணன்தான் ஏற்பாடு செய்திருந்தான். சந்தோஷத்தில் நான் ஒத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் எனக்கு மனது கேட்கவில்லை. "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன்.

"மச்சான் இருக்கும்போதா?" என்றார் அவர். "நான் வாயைத் தொறந்தா அவரை நம்பலைன்னு ஆயிடாது? உங்க அண்ணன்டி."

என் அண்ணன்தான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

கூட்டம் நடந்தது நல்ல வெயில் நேரத்தில். அதிகாரி திடலைச் சுற்றிப் பார்த்தான், இரும்புக் கம்பத்தைக் கையால் தட்டிப் பார்த்தான், தலையை ஆட்டினான். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான். மற்றவர்களுக்குப் பாய். மூவாரிலிருந்து கலியாணசுந்தரம் என்பவர் வந்திருந்தார். பலகைக் கடைக்காரர், கனத்த உடம்பு. கூடவே அவர் மகன் நடராஜன், மூவார்க் குழுவில் விளையாடுகிற பையன். அண்ணன் அவர்களோடு ஒரே லோரியில் வந்து இறங்கினான். சிரம்பானிலிருந்து வருகிறவன் மூவார் லோரியில் எப்படி வந்தான் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் என்ன!

அவசரத்துக்கு என்று மண்பானையில் ஒளித்து வைத்திருந்த அரிசி முழுவதையும் அன்றைக்கு உலையில் போட்டேன். என் மகள் சோறு பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு பிடிகூட எடுத்து வைக்காமல் வந்தவர்களுக்குப் போட்டேன். கருவாட்டுக் குழம்பில் இருந்த நல்ல துண்டுகளைப் பொறுக்கி அண்ணன் இலையில் வைத்தேன். "போதும்டி, போதும்டி" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். அவன் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, பிரயாணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு கூமுட்டை.

சாப்பாடு முடிந்ததும் அதிகாரி ஏதோ சொன்னான். முகைதீன் எழுந்து நின்று தமிழில் சொன்னார்: "ஒவ்வொரு ஊருக்கும் ஒருத்தர் பேசணும். அந்த ஊரை ஏன் சேக்கணும்னு சொல்லணும். கேட்டுட்டு இப்பவே முடிவு சொல்லிடுவாரு. முதல்ல மூவாருக்கு யார் பேசறது?"

அண்ணன் எழுந்தான். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முறை தெரியாமல் எழுந்துவிட்டான், முகைதீன் சொன்னதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். கலியாணசுந்தரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அதிகாரிக்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுப் பேசத் தொடங்கினான். மூவார்ப் பையன்கள் வயது குறைந்தவர்கள், பழக்கினால் வளருவார்கள் என்றான். மூவாரில் பலகை இருக்கிறது, பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே வாரத்தில் இருக்கை கட்டிக் கொடுத்துவிடலாம் என்றான். இதெல்லாம் முன்னுரை, இனிமேல் மலாக்காவுக்கு வருவான் என்று என் மனசு அப்போதும் அவனுக்காக வக்காலத்து வாங்கியது. மலாக்காவுக்கும் வந்தான். "மலாக்காவுல இப்ப ரயில் இல்லை. தம்பின் பாதையைப் பேத்து எடுத்தாச்சு. மத்த ஊர்க் குழு வந்து போறது கஷ்டம்" என்றான்.

அந்தத் தண்டவாளத்தை யார் பெயர்த்துக்கொண்டு போனது? இதே ஜப்பான்காரன்தான், சயாமில் போடுவதற்கு! மூவாருக்கு மட்டும் ரயில் போகிறதா? ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டிய ஊர் அது. இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? ரயில்வேக் கிராணி!

"மலாக்காவுக்கு யார் பேசறது?" என்று முகைதீன் கேட்டார்.

என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். நிமிர்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, அடுத்து அவன்தான் எழுந்திருக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்தான், துடைத்தான், முகத்தை விட்டுத் துண்டை எடுக்கவே இல்லை. முகைதீன் இன்னொரு தடவை கேட்டார், இந்தத் தடவை என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பேச்சு வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடு வீட்டுக்கு வந்துவிட்டேன். "மலாக்காவுக்கு நான் பேசறேன்! மூவாருக்கு எந்த ரயில் ஓடுது, கேளுங்க அவனை! ரெண்டு தடவை எங்ககிட்டத் தோத்துட்டுப் போனவங்க இவங்க. என் பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு, என் சோத்தையும் தின்னுட்டு, எழுந்து நின்னு பொய் பேசறான்!"

அதிகாரி புருவத்தைத் தூக்கி முகைதீனிடம் என்னவோ கேட்டான். போன மாதம் பசாரில் ஒரு பெண்பிள்ளை எதிர்த்துப் பேசினாள் என்று பல் உதிர அறைந்தார்கள், ஊருக்கே தெரியும். முகைதீன் குனிந்து மெதுவாக ஏதோ பதில் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தான், வேண்டாம் என்று கையை ஆட்டினான். நான் இன்னும் கொஞ்சம் காப்பி வேண்டுமா என்று கேட்பதாக முகைதீன் சொல்லியிருக்கிறார். பிறகு எத்தனையோ தடவை என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, பயந்த மனுஷன், என்னை அடிவிழாமல் காப்பாற்றினார். அவர் எனக்குச் சத்தியம் ஒன்றும் செய்து கொடுக்கவில்லையே.

அதிகாரி எழுந்தான். மூவார் என்று சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவனை வழியனுப்பிவிட்டு எல்லாரும் வாசலில் நின்றார்கள். நான் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்பதற்காகப் போனேன். அதற்குள் கலியாணசுந்தரம் அவன் தோளில் கை போட்டு, "வாங்க சம்பந்தி, நேரம் ஆவுது, போவோம்" என்றார்.

சம்பந்தி! அங்கேயே நின்றுவிட்டேன். அந்த நடராஜன் தலையைக் குனிந்துகொண்டு லோரிப் பக்கம் நடந்தான். என் அண்ணன் மகள் மல்லிகாவை அவனுக்கு நிச்சயம் செய்திருக்கிறார்கள். அம்மா இல்லாத பிள்ளை என்று நான் தலைக்கு எண்ணெய் தேய்த்து வளர்த்த மல்லிகா. அத்தைக்காரி எனக்கு ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் நான் விவரம் புரிந்துகொள்வேன் என்றுதானே மறைத்தான்? மருமகனாக வரப் போகிறவன் கையில் பட்டை ஏற வேண்டும், அதற்குத் தங்கச்சி புருஷன் சயாமுக்குப் போனால் பரவாயில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கழுத்தறுத்தான். அடப்பாவி, பேசுவேன் என்று சொல்லாமலாவது இருந்திருக்கக் கூடாதா? நாங்கள் வேறு யாரையாவது பிடித்திருப்போமே! முகைதீனே பேசியிருப்பாரே!

"பூங்காவனம், அப்புறமா வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறிக்கொண்டான். பூங்காவனம் என்று முழுப் பேரைச் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் பூவு என்றுதான் கூப்பிடுவான்.

அன்றைக்கு என் கோபமெல்லாம் வீட்டுக்காரர் மேல் திரும்பியது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? உங்க உயிரு, நீங்க கேக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் இலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "மச்சான் எழுந்தப்ப எனக்காகத்தான் எழுந்தாருன்னு நினைச்சேன்டி. துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சாரே, அப்பகூட, துடைச்சிட்டு எழுந்துடுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அண்ணனைத் திட்டக்கூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கொஞ்ச நாள் கிளேபாங் கடலோரத் தென்னந்தோப்பில் ஒளிந்திருந்தார். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது? பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு காலையில், வாசலிலேயே பிடித்தார்கள். தம்பின் வரைக்கும் லோரி, அங்கிருந்து ரயில். ரயில் சிரம்பான் வழியாகத்தான் போகும். அன்றைக்கு அங்கே மூவார்க்காரர்களுக்கும் சிரம்பான்காரர்களுக்கும் ஆட்டமாம், ஜனம் நெரிந்ததாம், முகைதீன் வந்து சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வந்தான். ஒரு கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, சைக்கிளின் பின்னால் சின்ன மூட்டையில் அரிசி. போட்டியில் கொடுக்கிற அரிசி. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் போய் முதலில் அரிசி மூட்டையை அவிழ்த்து எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன். பிள்ளைக்கு வயிறு ஊதிக் கிடந்தது. ரோஷம் பார்க்க எனக்கு வசதி இல்லை. அவன் முகம் தெளிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது.

"மல்லிகாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அத்தை வரலைன்னா தாலி ஏறாதுன்னு அழுவுறா" என்றான்.

"மச்சான் இல்லாமயா கல்யாணம் வைக்கிற?"

தட்டை நீட்டியபடியே நின்றான். "நான் மட்டும் என்னடி செய்வேன்? தாயில்லாப் பிள்ளை. அந்தப் பையனைப் புடிச்சிட்டுப் போயிட்டா அவ கதி என்ன? ஒரு இடம்தானே இருந்துச்சு."

"அதைச் சொல்லியிருக்கலாமே. என்கிட்ட வந்து, பூவு, எனக்கு என் மக பெருசு, உன் புருஷனுக்கு வேற ஆளைப் பாருன்னு சொல்லியிருக்கலாமே. வயிறு எரிஞ்சிருக்கும், ஆனா வேற ஆளைப் பாத்திருப்பேன்."

அவன், குற்றத்தைப் பாதி இறக்கி வைக்க இடம் தேடுகிறவன் குரலில், "மச்சானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பூவு. ரெண்டு தடவை கேட்டாங்க. அந்த அதிகாரிக்கு நம்ம திடல் புடிச்சிருந்துச்சு. மலாக்கான்னு மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்பான், எனக்கே தெரியும். நானா அவரு வாயைப் பொத்தினேன்? ஏன் அவரு பேசலை?" என்று கேட்டான்.

மூன்று மாதமாக நான் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றும் அப்போது வரவில்லை.

"நீ இருந்தியேண்ணே" என்றேன். "நீ இருக்கேன்னுதான் அவரு பேசலை."

அண்ணன் கையில் தட்டு சரிந்து பாக்கு கீழே உருண்டது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி போனான். நான் உள்ளே போய்ப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்தேன்.